‘இரவு 7 மணி, ஏ.ஏ. கூட்டம்’ என்று மட்டும் போட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் கும்பாபிஷேகம், நூல் வெளியீடு, இலவசக் கண் சிகிச்சை முகாம் எல்லாம் முடிந்த பிறகு, பெரும்பாலான நாட்களில் கடைசியாக ஒரு வரி வருகிறது: ‘குடிநோய் விழிப்புணர்வுக் கூட்டம், இரவு 7 மணி, ஏற்பாடு: ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்.’ குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் இந்த அமைப்பைச் சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். அந்த வரியை வெட்டி எடுத்துக் காலண்டர் அட்டைக்குப் பின்னால் செருகி வைக்கும் வீடுகள் இருக்கின்றன. கட்டணம் இல்லாமல் இதைத் தொடர்ந்து வெளியிட்டு வருவதற்கு முதலில் எங்கள் நன்றி.

ஆனால் அந்த ஒரு வரி போதவில்லை. குடிநோய் ஆலோசனைப் பணியில் இருக்கும் எங்களிடம் வருகிற குடும்பங்கள் அடிக்கடி சொல்வது இது: “ஒரு தடவை கூட்டத்துக்குப் போனாருங்க. நமக்குச் சரிப்பட்டு வராதுன்னு திரும்பி வந்துட்டாரு.” என்ன நடந்தது என்று மெல்ல விசாரித்தால் விஷயம் வெளியே வரும். ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்தில் தமிழ் மட்டும் தெரிந்தவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். உறுப்பினர்களுக்கு மட்டுமான கூட்டத்துக்கு மனைவியையும் அழைத்துப் போய், அந்த அம்மா வெளியே படிக்கட்டில் காத்திருந்திருப்பார். அல்லது பள்ளிக்கூட வாசலில் பூட்டு தொங்கியிருக்கும். குழு வேறு இடத்துக்கு மாறி ஆறு மாதம் ஆகியிருக்கும். போன அந்த ஒரு கூட்டம்தான் அவருக்குப் பொருந்தவில்லை. அதை வைத்து எல்லாக் கூட்டத்தையும் கைகழுவி விடுகிறார். அடுத்த முறை ‘போ’ என்று வீட்டில் சொன்னால், ‘அங்கெல்லாம் போய்ப் பார்த்தாச்சு’ என்று ஒரே பேச்சு.

இந்த நஷ்டம் சின்னதல்ல. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான கணக்கெடுப்பின்படி, நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். கட்டணமே இல்லாமல், சாயங்கால வேளையில், பஸ் ஏறிப் போகிற தூரத்தில் ஒரு கதவு திறந்திருக்கும்போது, தகவல் போதாமல் ஒருவர் வாசலோடு திரும்புவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

இந்தக் கூட்டங்கள் பலிக்குமா என்று கேட்பவர்களுக்காக ஒன்று. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு, 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பது என்ற ஓர் அளவுகோலில், ஏ.ஏ.-வுக்கு முறைப்படி அழைத்துச் சென்று இணைத்துவிடும் சிகிச்சை மற்ற சிகிச்சைகளைவிட மேலாகவே இருந்தது. இங்கே கவனிக்க வேண்டியது ‘முறைப்படி இணைத்துவிடுவது’. கையில் ஒரு முகவரிச் சீட்டைக் கொடுத்து ‘போய்ப் பாருங்கள்’ என்பது அதில் சேராது.

ஏ.ஏ. 1935-ல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியிலிருந்து மீள முயன்ற இருவர் ஒருவரோடு ஒருவர் பேசியதிலிருந்து தொடங்கியது. இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. சேருவதற்குக் குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. சந்தா இல்லை, விண்ணப்பப் படிவம் இல்லை, ஆதார் அட்டை கேட்க மாட்டார்கள். கூட்டத்தின் நடுவிலோ முடிவிலோ ஒரு பை சுற்றி வரும். அறை வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் தங்களால் முடிந்ததைப் போடுவார்கள். புதிதாக வருபவர் போட வேண்டியதில்லை. பை தன் முன்னால் வரும்போது சங்கடப்பட்டு, அடுத்த வாரம் வராமலே போனவர்கள் உண்டு என்பதால் இதைச் சொல்கிறோம்.

கூட்டம் தேடுவதற்கு முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் கை நடுக்கத்தை நிறுத்த ஒரு கட்டிங் தேவைப்படுகிறவர், தினமும் இரண்டு குவார்ட்டருக்கு மேல் பல மாதமாகக் குடிப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இவர்கள் எல்லாம் ‘நாளையிலிருந்து கூட்டத்துக்குப் போகிறேன், இன்றோடு நிறுத்துகிறேன்’ என்று வீட்டிலேயே திடீரென நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கலாம். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவது, சுவரில் பூச்சி ஊர்வதாகத் தட்டிவிடுவது, ஊர், நாள் தெரியாமல் குழம்புவது என்று வரும். இது உயிரைப் பறிக்கக் கூடியது. 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு இருக்கிற நேரமல்ல. தெருமுனைக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும் என்பதும் தவறு. நாள்பட்ட குடியால் உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பைக் கிளப்பிவிடும் அபாயம் உண்டு. மனநல மருத்துவர் சில நாட்களுக்கு மாத்திரை கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். நடுக்கம் அடங்கி, நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார முடிகிற நிலை வந்ததும் கூட்டத்துக்குப் போகலாம். மருத்துவமனையில் இருக்கும்போதே ஏ.ஏ. உறுப்பினர் ஒருவர் வந்து பார்க்கும் ஏற்பாடு சில இடங்களில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

இனி கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பது. எங்கள் அனுபவத்தில் எல்லாவற்றிலும் முக்கியமானது நேரம். ஒருவர் வழக்கமாக எந்த நேரத்தில் குடிப்பாரோ அந்த நேரத்தில் நடக்கும் கூட்டமே அவருக்கு ஏற்ற கூட்டம். வேலை முடிந்து ஆறரைக்குக் கடைக்குப் போகிறவருக்கு ஞாயிறு காலைக் கூட்டம் மட்டும் போதாது. திங்கள் சாயங்காலம் ஆறரை மணிக்கு அவர் கால் அவரை எங்கே இழுத்துப் போகும் என்பதுதான் கேள்வி. திருப்பூர், கோவைப் பக்கம் வாரக்கூலி சனிக்கிழமை கைக்கு வருகிறது. அந்தத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரே ஒரு கூட்டம்தான் முடியும் என்றால் அது சனிக்கிழமைக் கூட்டமாக இருக்கட்டும். சம்பளக் கவரை வீட்டில் கொடுத்துவிட்டு, போகவர பஸ் காசும் டீக்குப் பத்து ரூபாயும் மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொல்வோம்.

அடுத்தது வழி. இதை யாரும் யோசிப்பதில்லை. ஏழு மணிக்குத் தொடங்கும் கூட்டம் எட்டரைக்கு முடியும். டாஸ்மாக் கடை பத்து மணி வரை திறந்திருக்கும். ஒன்றரை மணி நேரம் மற்றவர் பேசியதைக் கேட்டு, பழைய நினைவெல்லாம் கிளறப்பட்டு, பசியோடு வெளியே வருகிற மனிதர் பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் அவருடைய பழைய கடை இருந்தால் என்ன ஆகும்? ஆகவே போகிற வழியை மட்டும் பார்த்தால் போதாது, திரும்பி வரும் வழியையும் பார்க்க வேண்டும். ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி வேறு தெரு வழியாக நடக்கலாம். அதே பக்கம் போகும் இன்னொரு உறுப்பினரோடு வண்டியில் வரலாம். முதல் மாதம் வீட்டிலிருந்து யாராவது எட்டரைக்கு வாசலில் வந்து நிற்கலாம். ஏ.ஏ.-வில் பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கையும் எச்சரிக்கை மணி என்பார்கள். வேலையிலிருந்து நேரே கூட்டத்துக்கு ஓடுகிறவருக்கு நான்கில் இரண்டு கூடவே வரும். மாலை ஆறு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போவது அவ்வளவு பெரிய தற்காப்பு.

தூரத்தைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள். பக்கத்தில் இருந்தால் சோம்பல் வராது என்பது சரி. ஆனால் சின்ன ஊரில், ‘என்ன சார், நீங்களும் இங்கேயா?’ என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்கிற பயம் ஆசிரியர், போலீஸ்காரர், பஸ் ஓட்டுநர் போன்றவர்களுக்கு நிஜமானது. அவர்கள் முதல் மூன்று மாதம் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போவதில் தவறில்லை. அறைக்குள் பெயரை மட்டும் சொன்னால் போதும். அதுவும் முழுப்பெயர் வேண்டாம். ஊர், வேலை, சாதி எதுவும் கேட்கப்படுவதில்லை. கேட்கிற குழு என்றால் வேறு குழுவைத் தேடுங்கள்.

திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு வகை உண்டு. திறந்த கூட்டத்துக்கு மனைவி, பெற்றோர், மருத்துவர், மாணவர் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். மூடிய கூட்டம் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். முதல் முறை போகும்போது வீட்டில் ஒருவர் உடன் வர வேண்டும் என்றால் திறந்த கூட்டம் எது என்று கேட்டுப் போக வேண்டும். ஒருவர் குடிக்காமல் ஓராண்டு, ஐந்தாண்டு நிறைவு செய்ததைக் கொண்டாடும் கூட்டம் ஒன்று நடக்கும். ‘பிறந்தநாள்’ என்றே சொல்வார்கள். குடும்பத்தோடு முதலில் போய்ப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல நாள் இல்லை என்பது எங்கள் எண்ணம். மேடையில் நிற்பவரைவிடப் பக்கத்தில் நிற்கும் அவர் மனைவியின் முகம் அதிகம் பேசும். குடியிலிருந்து மீள்வதற்கு ஏ.ஏ. வகுத்துள்ள பன்னிரண்டு படிகளில் ஒன்றை மட்டும் எடுத்து வாசித்து விவாதிக்கும் படிப்புக் கூட்டம் புதியவருக்குச் சற்றுக் கனமாக இருக்கும். சில வாரங்கள் கழித்துப் போகலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால், வாசிக்கச் சொல்லி அவர் கையில் புத்தகத்தைக் கொடுக்க மாட்டார்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததும் ஒரு தடை. கொஞ்ச நேரம் மௌனம், ஒரு சிறு பிரார்த்தனை, ஏ.ஏ. என்றால் என்ன என்ற முகவுரை, படிகள் வாசிப்பு. பிறகு ஒவ்வொருவராக, “என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கித் தம் கதையைச் சில நிமிடம் சொல்வார்கள். குறுக்கே யாரும் பேச மாட்டார்கள். புத்தி சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வரும்போது “இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்” என்று சொன்னால் போதும். குடித்துவிட்டு வந்திருந்தாலும் வெளியே தள்ளாத குழுக்கள் உண்டு. பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள் என்பார்கள். அதற்காகக் குடும்பத்தார் முழுப் போதையில் இருப்பவரை இரண்டு பேர் தோளில் தாங்கி அழைத்து வருவதில் பயன் இல்லை. மறுநாள் அவருக்கு எதுவும் நினைவிருக்காது, அவமானம் மட்டும் மிஞ்சும்.

நல்ல குழுவை அடையாளம் காண எளிய வழி, கூட்டம் தொடங்கும் முன் பத்து நிமிடமும் முடிந்த பின் பத்து நிமிடமும் அங்கே நின்று பார்ப்பது. புதிதாக வந்தவருக்கு யாராவது டீ டம்ளரை நீட்டுகிறார்களா, ஃபோன் எண் கொடுக்கிறார்களா, ‘நாளைக்குக் கூப்பிடுங்க’ என்கிறார்களா என்று பாருங்கள். குடியை விட்டு நெடுங்காலம் ஆனவர்கள் மட்டுமே இருக்கிற அறையைவிட, பத்து நாள், மூன்று மாதம், ஓராண்டு, பதினைந்து ஆண்டு என்று கலந்து இருக்கிற அறை புதியவருக்கு நல்லது. பத்து நாள் ஆனவருக்கு மூன்று மாதம் ஆனவர்தான் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தெரிவார். நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிப்பதும் ஓர் அடையாளம். ஒரே ஆள் நாற்பது நிமிடம் பேசுகிற இடம், இல்லாதவர்களைப் பற்றிப் பேசுகிற இடம், தேர்தல் நேரத்தில் கட்சிப் பேச்சு நுழைகிற இடம் புதியவருக்கு ஆகாது. சீட்டு சேர்க்கிறவர், இன்ஷூரன்ஸ் பாலிசி எடுக்கச் சொல்கிறவர், பணம் பண்ணும் திட்டத்தில் சேரச் சொல்கிறவர் எவரேனும் இருந்தால், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் தள்ளியே நில்லுங்கள். உறுப்பினர்களுக்குள் கடன் கொடுக்கல் வாங்கல் வந்தால் கொடுத்தவரும் வராமல் போகிறார், வாங்கியவரும் வராமல் போகிறார். இரண்டு பேரும் மறுபடி குடிக்கப் போய்விடுவதை அடிக்கடி பார்க்கிறோம்.

“மாத்திரையும் ஒரு போதைதான், தூக்கிப் போடு” என்று ஓர் உறுப்பினர் சொன்னால் கேட்க வேண்டாம். மருத்துவர் வேலையை உறுப்பினர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே ஏ.ஏ.-வின் நிலை. மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ குடி வேட்கைக்கோ எடுக்கும் மருந்தை நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

பல ஊர்களில் கூட்டம் சர்ச் வளாகத்து அறையில் நடக்கிறது. ‘மதம் மாற்றிவிடுவார்களோ’ என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். குறைந்த வாடகைக்கு, சாயங்கால நேரத்தில் அறை கிடைப்பது அங்கேதான் என்பதே காரணம், ஏ.ஏ. எந்த மதத்தோடும் சேர்ந்ததல்ல. படிகளில் கடவுள் என்ற சொல் வருவது உண்மை, ‘நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில்’ என்ற சொற்களோடு. முருகன் படத்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பவரும், நோன்பு திறந்துவிட்டு வருபவரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். கடவுளே இல்லை என்பவர்கள் தங்களைவிடப் பெரிய சக்தியாகக் குழுவையே வைத்துக்கொள்கிறார்கள். அப்படியும் ஒட்டவில்லை, படிகள் என்ற முறையே பிடிக்கவில்லை என்பவருக்கு வேறு வழியும் இருக்கிறது. 1994-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி கடவுளைக் கொண்டுவராமல், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சிகளைக் கொண்டது. ஆங்கிலம் புரிந்தால் இணையவழிக் கூட்டத்தில் சேரலாம். தமிழில் மட்டும் பேசுபவருக்கு அது எளிதில் கிட்டாது என்பதால், அவருக்கு மனநலப் பிரிவில் நடக்கும் குழு ஆலோசனையைக் கேட்டுப் பார்க்கச் சொல்கிறோம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடிநோய் உள்ள பெண்கள் நம் ஊரில் இல்லை என்பது போல் எல்லோரும் நடந்துகொள்கிறோம். அதனாலேயே அவர்கள் மிகத் தாமதமாக, ஈரல் கெட்ட பிறகு வருகிறார்கள். முப்பது ஆண்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் ஒரு பெண் தனியாக நுழைவது எளிதல்ல. பெண்களுக்கான கூட்டம் எங்கே என்று முதலில் கேளுங்கள். ஊரில் இல்லையென்றால் இணையவழியில் இருக்கும், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு காதில் இயர்ஃபோன் மாட்டிக் கேட்கலாம். பொதுக் கூட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்றால் பெண் உறுப்பினர் ஒருவரின் தொடர்பை முன்கூட்டியே கேட்டு வாங்கி, அவர் வரும் நாளில் போங்கள். புதியவருக்குத் துணை நிற்கும் மூத்த உறுப்பினரான வழிகாட்டியும் பெண்ணாகவே இருக்க வேண்டும். புதிதாக வந்து மனம் உடைந்திருப்பவரிடம் பழைய உறுப்பினர் காதல் பேச்சு பேசுவதை உலகம் முழுக்க ஏ.ஏ. வட்டாரத்தில் ‘பதின்மூன்றாம் படி’ என்று கசப்போடு சொல்வார்கள். அப்படி நடந்தால் கூட்டத் தலைவரிடம் சொல்லிவிட்டு, வேறு குழுவுக்குப் போய்விடுங்கள். குடியை விடும் முயற்சியை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

வழிகாட்டி, ஸ்பான்சர் என்று அழைக்கப்படுபவர், குறைந்தது ஓராண்டாவது குடிக்காமல் இருப்பவராக, படிகளைத் தாமே செய்து பார்த்தவராக இருக்க வேண்டும். முதல் நாளே யாரையும் பிடித்துக்கொள்ள வேண்டாம். நான்கைந்து கூட்டம் கேட்ட பிறகு, யாருடைய பேச்சில் நம் கதை தெரிகிறதோ அவரிடம் கேட்கலாம். இரவு ஒன்பது மணிக்கு நாக்கு வறளும்போது ஃபோனை எடுப்பாரா என்பதே முதல் தகுதி. ‘உங்களை எத்தனை மணி வரை கூப்பிடலாம்?’ என்று கேட்டுவிட வேண்டும்.

மனைவி, அம்மா, பிள்ளைகளுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. 1951-ல் அமைப்பாக உருவானது. கணவரை எப்படி நிறுத்தவைப்பது என்று அங்கே கற்றுக்கொடுப்பதில்லை. கணவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நாம் எப்படி நிதானமாக இருப்பது என்பதும், பாட்டிலை ஒளித்து வைப்பது, மேனேஜருக்கு ஃபோன் செய்து ‘அவருக்குக் காய்ச்சல்’ என்று பொய் சொல்வது, கடனை அடைப்பது, இதையெல்லாம் நாம் எப்படி நிறுத்துவது என்பதும்தான் பேச்சு. அவர் ஏ.ஏ.-வுக்குப் போக மறுத்தாலும் நீங்கள் அல்-அனானுக்குப் போகலாம். வீட்டில் முதலில் மாற வேண்டியவர் அவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. ஏ.ஏ. மருத்துவமனை நடத்துவதில்லை. வேன் அனுப்பி யாரையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. மாதம் இவ்வளவு என்று பணம் வாங்குவதில்லை. சுவரில் பன்னிரண்டு படிகளை மாட்டி வைத்திருப்பதாலேயே ஒரு மறுவாழ்வு இல்லம் நல்ல இல்லம் ஆகிவிடாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடியால் வரும் மனநலக் கோளாறும் அடக்கம். அப்படிப்பட்டவர்களைச் சேர்த்து வைக்கும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சேர்த்த பிறகு இத்தனை நாள் வரை பார்க்க வரக் கூடாது, ஃபோனும் கிடையாது என்றால் அங்கே விட வேண்டாம். சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்களில் குடும்பத்தைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறார்கள். குடும்பத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தும் இடத்தைச் சந்தேகப்படுவதற்கு அதுவே போதுமான காரணம்.

எத்தனை கூட்டம் பார்த்துவிட்டு முடிவு செய்வது? குறைந்தது ஆறு, அதுவும் ஒரே குழுவில் ஆறு அல்ல, இரண்டு மூன்று குழுக்களில். ஏ.ஏ.-வில் ‘தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம்’ என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. சென்னையில் அது முடியும். வாரத்தில் இரண்டே கூட்டம் நடக்கும் தாலுகா ஊரில் முடியாது. அங்கே இருப்பவர் உள்ளூரில் இரண்டு, பக்கத்து ஊரில் ஒன்று, மீதி நாளில் அதே குடிக்கும் நேரத்தில் இணையவழித் தமிழ்க் கூட்டமோ வழிகாட்டியோடு ஃபோன் பேச்சோ என்று நிரப்பிக்கொள்ளலாம். பள்ளிக்கூட அறையில் நடக்கும் குழுக்கள் கோடை விடுமுறையிலும் பண்டிகை நாளிலும் இடம் மாறும் அல்லது நடக்காமலே போகும். தீபாவளிக்கு முந்தைய நாள், பொங்கல் விடுமுறை, கடை மூடும் காந்தி ஜயந்திக்கு முந்தின சாயங்காலம், இவைதான் ஆபத்தான நாட்கள். அன்றைக்குக் கூட்டம் இருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

நடுவில் சறுக்கிவிட்டால் மறுநாளே அதே அறைக்குத் திரும்ப வேண்டும். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கற்றது எதுவும் அழியாது. ‘எந்த முகத்தோடு போவது’ என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டவர்களில் பலர் திரும்ப வர ஓராண்டு ஆகிவிடுகிறது. அந்த அறையில் சறுக்காதவர்கள் மிகக் குறைவு. கை கொடுத்து உட்கார வைப்பார்கள்.

இப்போது தங்களிடம் எங்கள் வேண்டுகோள். ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் இந்தக் கூட்டத்துக்கு இன்னும் இரண்டு வரி இடம் தாருங்கள். குழுக்களும் தகவல் அனுப்பும்போது இவற்றைச் சேர்த்து அனுப்பினால் தங்கள் நிருபருக்கு வேலை மிச்சம்: எந்த மொழி, திறந்ததா மூடியதா, எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும், எத்தனை மணிக்கு முடியும், பெண்கள் வருகிறார்களா, அதே நேரத்தில் அல்-அனான் உண்டா. தொடர்பு எண்ணாக உறுப்பினரின் சொந்த எண்ணைப் போடாமல் குழுவின் பொது எண்ணைப் போடுங்கள். பத்திரிகையில் உறுப்பினர் அடையாளம் வெளிவரக் கூடாது என்பது அவர்கள் பாரம்பரியம். மாதம் ஒருமுறை பட்டியலைச் சரிபார்த்து, நின்றுபோன கூட்டத்தை நீக்கிவிடுங்கள். பூட்டிய கதவு முன்னால் நின்றவர் இன்னொரு கதவைத் தட்டுவது அரிது.

பட்டியலின் அடியில் இரண்டு இலவச எண்கள் எப்போதும் இருக்கட்டும்: போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு டெலி-மனஸ் 14416.

இன்னொன்றும் உண்டு, மனம் கோணாமல் கேளுங்கள். ‘குடிப்பவருக்குத் தெரியாமலே சாம்பாரில் கலந்து கொடுக்கலாம்’ என்ற விளம்பரங்கள் தமிழ்ப் பத்திரிகைகளிலும் பஸ்களின் பின்புறமும் வருகின்றன. அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அதில் குடியை நிறுத்துவதற்குக் கொடுக்கப்படும் டைசல்ஃபிராம் என்ற மருந்து கலந்திருந்தால், தெரியாமல் அதைச் சாப்பிட்டவர் குடித்ததும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். மருந்து உடம்பில் இரண்டு வாரம் வரை நிற்கும். அதை நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில்தான் எடுக்க வேண்டும். இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தாங்கள் ஏற்காமல் இருந்தால் பல வீடுகளுக்கு நல்லது.

எங்கள் மனதில் இருக்கும் வரி எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்டுகிறோம்:

‘ஏ.ஏ. கூட்டம். தமிழ். திறந்த கூட்டம், குடும்பத்தார் வரலாம். இரவு 7:00 முதல் 8:30 வரை. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தபால் நிலையத்தை ஒட்டிய சந்தில் பள்ளிக்கூடம், பின்வாசல் வழி, மாடியில் இரண்டாம் அறை. அல்-அனான் கீழே, அதே நேரம். கட்டணம் இல்லை. கேட்க மட்டும் வரலாம்.’

இப்படிக்கு,
குடிநோய் ஆலோசகர்கள் சிலர்,
கோயம்புத்தூர்